கிரேக்கத் தீவுக்கு ஒரு பொண்ணு தனியா லீவுக்குப் போகலாமா? அங்க லோக்கல் கலாச்சாரத்தைப் பார்க்க முடியுமா?

போகலாம். நான் போனேன், 44 வயசுல, தனியா, 2023 ஆகஸ்ட்ல.

நீங்க கேட்டிருக்கிற விதத்தைப் பார்த்தா வீட்ல இன்னும் சொல்லலைன்னு நினைக்கிறேன். எனக்கு முன்னாடி பதில் போட்ட ஒருத்தர் "கிரீஸ்னா சான்டோரினி, அது ஜோடியா போற இடம், தனியா போய் என்ன பண்ணுவீங்க"ன்னு எழுதியிருக்காரு. அதைப் படிச்சதும் தாங்கல, அதான் உக்காந்து எழுதறேன். கமெண்ட்ல வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், நான் பணக்காரி கிடையாது, கோயமுத்தூர்ல ஒரு நூல் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன், 3 வருஷம் சீட்டு கட்டி எடுத்த காசு. வீட்டுக்காரரோட சண்டையும் இல்ல. அவருக்குக் கப்பல்னா வாந்தி, பொண்ணு ப்ளஸ் டூ, அவ்வளவுதான் விஷயம்.

சான்டோரினி, மிக்கோனோஸ்னு ரெண்டு தீவோட ஆகஸ்ட் ரூம் வாடகையைப் பார்த்துட்டு லேப்டாப்பை மூடி வச்சுட்டேன். அப்புறம் மேப்புல மிக்கோனோஸுக்குப் பக்கத்துலயே, ஃபெர்ரில அரை மணி நேரம்கூட ஆகாத தூரத்துல, தீனோஸ்னு ஒரு தீவு கண்ணுல பட்டுச்சு. வெளிநாட்டுக்காரங்க கம்மி, கிரேக்கக்காரங்களே வேண்டுதலுக்குப் போற ஊர். நம்ம வேளாங்கண்ணி மாதிரின்னு வச்சுக்கோங்க. பெலாகியான்னு ஒரு கன்னியாஸ்திரி கனவுல மாதா வந்து சொன்னாங்கன்னு தோண்டிப் பார்த்தப்ப 1823 ஜனவரி 30 அன்னைக்கு ஒரு மாதா படம் கிடைச்சுதாம். கிரேக்கக்காரங்க துருக்கியை எதிர்த்து விடுதலைப் போர் நடத்திட்டிருந்த நேரம் அது, அதனால சாமி நம்ம பக்கம்னு அந்த ஊரு நாட்டுக்கே கோயிலாயிடுச்சு. நான் போனது சரியா 200வது வருஷம், அதுவும் ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு. திட்டம் போட்டெல்லாம் போகல, லீவு அப்பதான் கிடைச்சுது. ஆனா ரூம் பிப்ரவரிலயே போட்டுட்டேன், அது மட்டும் நான் பண்ண புத்திசாலித்தனம். திருவிழா சமயத்துல ரூம் கிடைக்காதவங்க கோயில் வளாகத்துலயே போர்வை விரிச்சுப் படுத்திருந்தாங்க.

ஏதென்ஸ் ஏர்போர்ட்ல இறங்கினா பிரேயஸ் துறைமுகத்துக்கு ஓடாதீங்க, ரஃபீனா துறைமுகம்தான் கிட்ட, ஏர்போர்ட்ல இருந்தே பஸ் இருக்கு. அங்கிருந்து பெரிய கப்பல்ல ஏறக்குறைய 4 மணி நேரம். ஆகஸ்ட்ல மெல்டெமின்னு ஒரு வடக்குக் காத்து அடிக்கும் பாருங்க, ஆடிக் காத்தெல்லாம் அதுக்கு முன்னாடி பிச்சை வாங்கணும். காத்து ரொம்ப மீறினா கப்பலையே நிறுத்திடுவாங்க, அதனால திரும்பி வர்ற ஃப்ளைட்டுக்கு முன்னாடி ஒரு நாள் சும்மா விட்டு வைங்க.

இறங்கின பத்தாவது நிமிஷம் என் ட்ராலி பேக் சக்கரம் கழண்டு விழுந்துடுச்சு. கல்லு பாவின ஏத்தமான சந்து, அது வேற. 5 வருஷம் வாரண்டின்னு சொல்லி வித்த பேக்குங்க இது, வாங்கி 2 மாசம்தான் ஆச்சு. ஊருக்கு வந்து கடைக்குப் போனா "மேடம் வெளிநாட்டுல உடைஞ்சதுக்கு வாரண்டி வராது"ங்கறான். ட்ராலி பேக் வாங்கறதே வெளியூர் போகத்தானே, பின்ன பூஜை ரூம்ல வச்சு உருட்டவா? பில்லைக் காட்டறேன், அதுல ஒரு வரிகூட அப்படி இல்ல, மேனேஜர் சாப்பிடப் போயிருக்கார்னு மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க. இப்ப அந்தப் பேக்ல பழைய பெட்ஷீட் கிடக்கு. சரி விடுங்க, கேள்விக்கு வர்றேன்.

தனியா போனா பயமா இருக்குமான்னா, எனக்கு அங்க இருந்த பிரச்சனையே வேற, தனியா விடவே மாட்டேங்கறாங்க. ரூம் வச்சிருந்த பாட்டி முதல் கேள்வியே "மோனி?" அப்படின்னா தனியாவான்னு அர்த்தம். ஆமான்னு தலையாட்டினேன். என்னமோ புருஷன் போயிட்ட மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு ஒரு தட்டு நிறைய அத்திப்பழம் கொண்டாந்து வச்சுடுச்சு. அடுத்த நாள் மார்க்கெட்ல மீன் விக்கறவர் "மோனி?" பஸ் டிரைவர் "மோனி?" நம்மூர் கல்யாண வீட்ல "அவர் வரலியா"ன்னு கேக்கற அதே தொனி. எனக்கு அது பழகின விஷயம்தான், கோயமுத்தூர்லயே போயிறங்கின மாதிரி இருந்துச்சு.

பாஷை குழப்பம் ஒண்ணு இருக்கு, எழுதி வச்சுக்கோங்க. "நே"ன்னா ஆமாம். இந்தி காதுக்கு இல்லைங்கற மாதிரி கேக்கும். இல்லைன்னு சொல்றதுக்குப் பாதிப் பேரு வாயே திறக்கறதில்ல, புருவத்தைத் தூக்கி, தலையை லேசா மேல வெட்டி, நாக்குல ஒரு "ச்". நம்மூர்ல தலையை அப்படித் தூக்கினா "என்ன?"ன்னுதானே அர்த்தம்? ஒரு ஹோட்டல்ல அன்னைக்கு மத்தியானம் பீன்ஸ் இருக்கான்னு கேட்டேன், அவரு தலையைத் தூக்கினாரு, கேக்கலை போலன்னு திருப்பிக் கேட்டேன், திருப்பித் தூக்கினாரு, மூணாவது தடவை நான் கத்திக் கேட்டதும் பக்கத்து டேபிளே சிரிச்சுடுச்சு.

நான் சைவம். அந்த வகைல ஆகஸ்ட் 1ல இருந்து 14 வரைக்கும் யோகம்தான், மாதாவுக்கு அவங்க விரதம் இருக்கற நாள், கறி, பால், முட்டை கிடையாது. விரதச் சாப்பாட்டுக்குப் பேரு நிஸ்தீசிமா. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னா போதும், தக்காளிக்குள்ள அரிசி வச்சுச் சுட்டது, பெரிய வெள்ளை பீன்ஸை அடுப்புல வச்சது, மஞ்சள் பருப்பை மசிச்ச ஃபாவான்னு வந்துட்டே இருக்கும். ஃபாவா மேல வெங்காயமும் எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும், கண்ணை மூடிட்டு சாப்பிட்டா நம்ம பருப்புக் கடைசல்தான். ஆனா நல்லாத் தெரிஞ்சுக்கோங்க, ரத்தம் இல்லாத ஜீவன் விரதத்துக்கு ஆகும்னு அவங்க கணக்கு. ரெண்டாவது நாளே நிஸ்தீசிமான்னு பெருமையா சொல்லி, ஆக்டோபஸ் காலு ஒண்ணு சுருண்டு தட்டுல வந்து நின்னுச்சு.

இப்ப உங்க கேள்வியோட ரெண்டாவது பாதி. கலாச்சாரம் பார்க்க முடியுமான்னு கேட்டிருக்கீங்க. அந்தப் "பார்க்க"ங்கற வார்த்தைதான் என்னைக் குத்துச்சு.

துறைமுகத்துல இருந்து கோயில் வரைக்கும் ஒரே நேர் ரோடு, ஏத்தம், ஏறக்குறைய 800 மீட்டர். ரோட்டு ஓரமா நீளத்துக்குக் கார்ப்பெட் போட்டிருக்காங்க. எதுக்குன்னா, வேண்டுதல்காரங்க முட்டி போட்டு, கையும் ஊனி, தவழ்ந்தே மேல வரைக்கும் போறாங்க. ரெண்டு பக்கமும் கடை, ஆள் உசர மெழுகுவத்தி, தீர்த்தம் பிடிக்கக் காலி பாட்டில், முட்டிக்குக் கட்டற உறை எல்லாம் தொங்குது. 14ஆம் தேதி மத்தியானம், வெயில்னா வெயில், என் பொண்ணை விட அஞ்சாறு வயசு கூட இருக்கும், ஜீன்ஸ் போட்ட ஒரு பொண்ணு தவழ்ந்து போயிட்டிருந்தா. பக்கத்துல நடந்து வந்த சின்னப் பையன் பாட்டில்ல இருந்து அவ பிடரில தண்ணி ஊத்திட்டே வர்றான். ஜீன்ஸ் முட்டியில துணி நைஞ்சு வெள்ளையா நூல் தெரிஞ்சுது. நான் ஃபோனை எடுத்தேன். எடுத்துட்டேன், ரெண்டு க்ளிக். பின்னாடி கறுப்பு டிரஸ்ல வந்த ஒரு அம்மா நேரா எங்கிட்ட வந்து கேமரா மேல கையை வச்சு மூடி, தலையைத் தூக்கி, "ச்".

இந்தத் தடவை அர்த்தம் புரிஞ்சுது.

எனக்கு ஆறு வயசுல மஞ்சக்காமாலை வந்து பொழைச்சதுக்கு எங்கம்மா பழனில அங்கப்பிரதட்சணம் பண்ணாங்க. ஈரச் சேலையோட உருண்டு வந்தப்ப ஒரு வெள்ளைக்காரரு படம் எடுத்தாருன்னு எங்கப்பா அவரைப் பிடிச்சுத் திட்டின திட்டு இன்னும் காதுல இருக்கு. அந்தாளு இடத்துல இப்ப நான் நிக்கிறேன். அந்தம்மா முன்னாடியே படத்தை டெலீட் பண்ணிக் காட்டினேன். அவங்க திரும்பிக்கூடப் பார்க்கல, பொண்ணு பின்னாடி போயிட்டாங்க. "பொது இடம்தானே, எடுத்தா என்ன தப்பு"ன்னு கமெண்ட் போடறவங்க போட்டுக்கோங்க, நான் வாதாடத் தயாரா இல்ல.

அதுக்கப்புறம் ரெண்டு நாளும் ஃபோனைப் பைக்குள்ளயே வச்சுட்டேன். 15 அன்னைக்கு கோயில்ல இருக்கற அந்த மாதா படத்தைப் பல்லக்குல வச்சு நேவிக்காரங்க பேண்டு வாத்தியத்தோட துறைமுகத்துக்கு இறக்கறாங்க. ஜனங்க ரோட்டு நடுவுல வரிசையா மண்டி போட்டுக் குனிஞ்சுக்கறாங்க, படம் அவங்க தலைக்கு மேல போகுது. 1940ல இதே திருவிழா அன்னைக்கு இத்தாலி சப்மெரின் ஒண்ணு இந்தத் துறைமுகத்துலயே எல்லின்னு ஒரு கிரேக்கப் போர்க்கப்பலை மூழ்கடிச்சிருக்கு, அதுக்காகக் கடல்ல மாலை போடறாங்க. மரியா, பனயோத்திஸ்னு பேரு வச்ச எல்லாருக்கும் அன்னைக்குப் பேர்நாள் வேற, தெரு முழுக்க "ஹ்ரோனியா பொலா"ங்கற வாழ்த்துதான்.

கோயிலுக்குள்ள கூரைல இருந்து வெள்ளி விளக்கும் காணிக்கையும் தொங்குது, குட்டிக் குட்டிக் கப்பல் எத்தனையோ. ஒரு கப்பல்ல ஓட்டையை ஒரு மீன் அடைச்சிட்டு நிக்குது, மூழ்க இருந்த கப்பலை மாதா அப்படித்தான் காப்பாத்தினாங்களாம். வெளிய கடைல தகட்டுல அடிச்ச கண்ணு, காலு, குழந்தைன்னு விக்கறாங்க, பேரு தாமா. நம்ம கண்மலர் அப்படியே. அம்மாவுக்கு அப்ப கண்புரை ஆபரேஷன் நாள் குறிச்சிருந்துச்சு, ஒரு ஜோடிக் கண்ணு வாங்கிக் கொடுத்துட்டு வந்தேன். இந்துவா இருந்துட்டு ஏன்னு கேக்காதீங்க, கடைக்காரம்மாவே கேக்கல. சாயங்காலம் அம்மாவுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னா, "எவ்வளவு?"ன்னாங்க. 4 யூரோன்னேன். "சமயபுரத்துலயே வாங்கியிருப்பேனே"ன்னாங்க.

கடற்கரை, கழுத்துல கேமரா இதுக்குத்தான் போறீங்கன்னா அந்த 15ஐத் தவிர்த்துட்டு செப்டம்பர்ல போங்க. அதே தீவுல பிர்கோஸ்னு ஒரு பளிங்குக் கல் ஊரு, அங்க பஸ் ஸ்டாப்பே பளிங்கு. வோலாக்ஸ்ங்கற ஊர்ல உருண்டைப் பாறைங்களுக்கு நடுவுல கூடை பின்னறாங்க. ரெண்டுக்கும் பஸ் இருக்கு.

வேற ஏதாச்சும் தெரியணும்னா கீழ கேளுங்க, பதில் போடறேன். மொத்தச் செலவு எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க, எங்க வீட்டுக்காரரும் இந்தத் தளத்துல இருக்காரு.