‘முற்றுப்புள்ளி’ என்று சொன்னால் அந்தச் சொல்லே விழுகிறது: பதில்

அண்ணாச்சி, வணக்கம். அம்பாசமுத்திரத்திலிருந்து உங்கள் குடும்ப வரலாற்றைக் கூகுள் டாக்ஸில் குரல்வழித் தட்டச்சால் எழுதுவதாகவும், ‘முற்றுப்புள்ளி’ என்றால் புள்ளி விழாமல் அந்தச் சொல்லே விழுவதாகவும், இடையிடையே மைக் தானாக அணைவதாகவும் கேட்டிருந்தீர்கள்.

முதலாவது உங்கள் பிழையன்று. நிறுத்தக்குறிகளைக் குரலால் இடும் வசதி அங்கே ஆங்கிலம், ஜெர்மன் போன்ற சில மொழிகளுக்கே உண்டு. ஆகவே அச்சொல்லை அப்படியே விழவிடுங்கள். எழுதி முடித்தபின் கண்ட்ரோலையும் எச் விசையையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் பெட்டியில், முன்னால் ஓர் இடைவெளி விட்டு ‘முற்றுப்புள்ளி’ என இட்டு, அதற்கு மாற்றாக ஒரு புள்ளியை மட்டும் கொடுத்து, ஆவணம் முழுவதையும் ஒரே முறையில் திருத்திவிடலாம். சில இடங்களில் ‘முற்று புள்ளி’ என்று பிரிந்தும் விழுந்திருக்கும் என்பதால் அதையும் ஒருமுறை தேடுங்கள்.

மைக் அணைவதற்குக் காரணம் பெரும்பாலும் நீங்கள் உலாவியில் வேறு பக்கத்துக்குத் தாவுவதுதான். பார்க்க வேண்டிய பழைய கடிதங்களைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. எங்கள் ஆச்சியின் பேச்சை நான் பதிந்தபோது, ‘தாத்தா வந்தாவ’ (வந்தார்கள்) என்றதை அந்தக் குரல்வழித் தட்டச்சு ‘தாத்தா வந்தவ’ (வந்தவள்) என்று எழுதி, நம் வட்டாரத்தின் மரியாதையையே கெடுத்துவிட்டது. (ஆச்சி பார்த்திருந்தால் கணினியைத் தாமிரபரணியில் போட்டிருப்பார்.) அதனால் வரலாற்றை எழுத்துத் தமிழில் சொல்லிப் பதியுங்கள், பெரியவர்களின் பேச்சு வரும் இடங்களை மட்டும் கையால் தட்டச்சு செய்யுங்கள். கல்லிடைக்குறிச்சி போன்ற ஊர்ப்பெயர்களில் ஒற்று விடுபட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.