குதிரை ஜி5-க்கு வந்தால்...

கேள்வி: மகன் சதுரங்கத்தில் 15 நிமிடம் + நகர்வுக்கு 10 விநாடி கூடும் ரேபிட் (விரைவு) போட்டிகளில் ஆடுகிறான். கறுப்பில் ஆடும்போது, வெள்ளைக் குதிரை 4-வது நகர்விலேயே ஜி5-க்குப் பாய்ந்தால் தோற்றுவிடுகிறான். என்ன தவறு?

பதில்: இ4, இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் சி4, குதிரை எஃப்6, அடுத்து குதிரை ஜி5. இதுதானே வரிசை (வெள்ளை, கறுப்பு மாறி மாறி; கட்டம் மட்டும் சொன்னால் சிப்பாய் நகர்வு)? குறி எஃப்7 சிப்பாய். அதற்கு ராஜா மட்டுமே காவல். உடனே டி5-க்குச் சிப்பாயைத் தள்ளி பிஷப்பை மறிப்பது சரி. வெள்ளை அதை வெட்டியதும் பதிலுக்குக் குதிரையால் வெட்டுகிறானா என்று பாருங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். வெள்ளை எஃப்7-ல் குதிரையைப் பலி கொடுக்கும். ராஜா வெட்டினால் எஃப்3-ல் ராணி செக். டி5 குதிரையைக் காக்க ராஜா இ6-க்கு, நடுப்பலகைக்கே வரவேண்டும். அடுத்து வெள்ளையின் இன்னொரு குதிரை சி3-க்கு வந்தால் டி5-ஐத் தாக்குபவை மூன்று, காப்பவை இரண்டு. அந்தக் குதிரை நகரவும் முடியாது, பின்னால் ராஜா. நீண்ட ஆட்டத்தில் யோசித்துப் போராடலாம். ரேபிட்டில் வெள்ளை மனப்பாடமாக ஆடும். உங்கள் பிள்ளைக்கு ஒவ்வொரு நகர்வுக்கும் இரண்டு நிமிடம் கரையும்.

வெட்டாமல் சி6 குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பிஷப் பி5 செக், சி6. சிப்பாய் வெட்டு, பி-சிப்பாயால் பதில் வெட்டு. பிஷப் இ2, ஹெச்6. குதிரை எஃப்3, இ4. குதிரை இ5, பிஷப் டி6. ஒரு சிப்பாய் குறைவுதான். ஆனால் பலகையைப் பாருங்கள்: வெள்ளையின் 10 நகர்வும் ஒரே குதிரை, ஒரே பிஷப், ஒரே சிப்பாய்! கறுப்புக் காய்களோ தாராளமாக வெளியே வருகின்றன. அந்தச் சிப்பாயை அவசரமாக மீட்கப் போகக் கூடாது.

பிஷப் இ2-க்குப் போகாமல் டி3-ல் நின்றால் ஹெச்6 பயன்படாது; துரத்தப்பட்ட வெள்ளைக் குதிரை இ4-ல் பத்திரமாக உட்கார்ந்துவிடும். அப்போது ஹெச்6-க்குப் பதில் எஃப்6 குதிரையை டி5-க்கு நகர்த்தினால் கறுப்பு ராணி ஜி5-ஐத் தாக்கும்.

இந்தப் பத்தையும் நகர்வுக்கு 4 விநாடியில் ஆடினால் கடிகாரம் 16 நிமிடம் காட்டும். 11-வது நகர்வில் நிதானமாக யோசிக்கட்டும்.

கேள்வி: எதிராளி செக்கைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்திவிட்டால்?

பதில்: உங்கள் காயை நகர்த்தாதீர்கள். கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழையுங்கள். ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) விதிப்படி ரேபிட்டில் உங்களுக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். அவர் இரண்டாம் முறை இப்படிச் செய்தால் பொதுவாக ஆட்டம் உங்களுக்கு. நீங்கள் பதில் நகர்வு ஆடிவிட்டால் முறையிடும் உரிமை போய்விடும்.