ஒருவருக்கே ரத்தப் புற்றுநோயும் குடல் புற்றுநோயும் சேர்ந்து வருமா? எதற்கு முதலில் சிகிச்சை?

வரும். என் அப்பாவுக்கே வந்தது. உங்கள் மாமாவுக்குக் குடலில் கட்டி, ரத்தத்திலும் புற்றுநோய், அப்படியென்றால் பரவிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படி முடிவுகட்டிவிடாதீர்கள். குடல் கட்டி பரவினால் பெரும்பாலும் கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ போகும், ரத்தப் புற்றுநோயாக மாறாது. இரண்டும் தனித்தனியாக முளைத்தவை.

அப்பாவுக்கு மலப் பரிசோதனையில் ரத்தம் தெரிந்து, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனாஸ்கோப்பியில் கட்டி என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் ரத்தம் எடுத்துப் பார்த்தால் வெள்ளை அணுக்கள் 38,000, சாதாரணமாகப் பதினோராயிரத்தைத் தாண்டாது. ஸ்கேனில் வயிற்றுக்குள் நிணநீர் முடிச்சுகளும் வீங்கியிருந்தன. நாலாம் கட்டம்தான், அதாவது வேறு இடங்களுக்கும் பரவிவிட்டது என்று நானும் அம்மாவும் இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் கட்டியோடு சேர்த்து எடுத்த 19 முடிச்சுகளைச் சோதித்தபோது ஒன்றில்கூடக் குடல் புற்று இல்லை, வீக்கமெல்லாம் சிஎல்எல் என்கிற, மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோயால் வந்தது! ஊட்ரம் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் உட்கார்ந்து அப்பா அந்த அறிக்கையை வரிவரியாக விரல் வைத்துப் படித்தார், இரண்டு ரயிலை விட்டுவிட்டோம்.

எதற்கு முதலில் என்றால், எது அவசரமோ அதற்கு. சிஎல்எல் போல மெதுவான வகையாக இருந்து தொல்லையும் தராவிட்டால் அதைக் கண்காணித்துக்கொண்டே கட்டியை முதலில் கவனிப்பார்கள். வேகமாக முற்றும் லுக்கிமியா (ரத்தப் புற்றுநோய்) வகை என்றால் தலைகீழ், நாள் கணக்கில் முற்றும் என்பதால் பெரும்பாலும் அதற்குத்தான் முதல் இடம், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்து கிடக்கும்போது வயிற்றைத் திறப்பதும் ஆபத்து. ஒன்றுக்குக் கொடுக்கும் கீமோ மற்றதன் சிகிச்சையைத் தாங்கத் தேவையான ரத்த அணுக்களைக் குறைத்துவிடும், அதனால் ரத்த மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து பேசினார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எங்களுக்கு முதல் மாதம் அது நடக்கவில்லை, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது குடும்பத்தார் செய்கிற வேலை இல்லை.

செலவைப் பற்றி ஒன்று. 2022 செப்டம்பரிலிருந்து புற்றுநோய் மருந்துகளுக்கு சிங்கப்பூரின் தேசிய மருத்துவக் காப்பீடான மெடிஷீல்ட் லைஃப், சுகாதார அமைச்சின் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும், மருந்துக்கு மருந்து மாறும் வரம்போடுதான் தருகிறது. ஆனால் தனித்தனியாகத் தோன்றிய இரண்டு புற்றுநோய்க்கு ஒரே மாதத்தில் சிகிச்சை நடந்தால் இரண்டின் வரம்பையும் கூட்டிக் கணக்கிட வழி இருக்கிறது. யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள், மருத்துவரிடமும் மருத்துவ சமூக ஊழியரிடமும் நீங்களே கேளுங்கள்.

அப்பாவுக்கு இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, சிஎல்எல்லுக்கு இன்னும் மருந்தே தொடங்கவில்லை. சளிக்காய்ச்சல், நிமோனியா தடுப்பூசிகளை மட்டும் தவறவிடுவதில்லை. மாமாவுக்கு வந்திருப்பது ரத்தப் புற்றுநோயில் எந்த வகை? அறிக்கையில் இருக்கும், பார்த்துவிட்டு எழுதுங்கள்.