கோடாலிக்கு எதற்குச் சவரக்கத்தி வாய்?

கேள்வி: அண்ணாச்சி, வீட்டிலிருந்த கோடாலி, அரிவாள்மனை, கதிர் அறுக்கிற பல் வைத்த கருக்கரிவாள், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ரப்பர் கத்தி எல்லாவற்றையும் ஒரே நாளில் சாணை பிடித்தேன். கை மயிரை மழிக்கிற கூர். மறுநாளே கோடாலி வாய் மடிந்துவிட்டது, கருக்கரிவாள் கதிரில் வழுக்குகிறது. ஏன்?
- ஒரு வாசகர், அருமனை

பதில்: தம்பி, நாலுக்கும் ஒரே வாய் வைத்துவிட்டீர்கள். மயிர் மழிக்கிற கூர் அதில் ரப்பர் கத்திக்கு மட்டும்தான் வேண்டும்.

பட்டறை வைக்கும் முன்னால் குலசேகரம் பக்கம் பால்வெட்டுக்குப் போனவன் நான். பால் குழல்கள் நெருங்கிக் கிடப்பது பட்டையின் உள்பக்கம், தடியை, அதாவது உள்ளே இருக்கும் மரத்தை ஒட்டி. ஆனாலும் தடிமேல் 1 மில்லிமீட்டர் பட்டையாவது மிஞ்ச வேண்டும். கத்தி மழுங்கினால் கை தானாக அமுக்கும்; அமுக்கினால் தடியில் காயம். முதல் வருஷம் நான் காயப்படுத்திய மரங்களில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்தது. அந்த மேட்டில் மறுபடி கத்தி சீராக ஓடாது. அந்த வரிசையைத் தாண்டும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும். பிறகு தீட்டுகிற கல் இல்லாமல் நான் தோட்டத்தில் இறங்கியதே இல்லை. சீவல் மெல்லிசாகச் சுருண்டு விழுந்தால் கத்தி சரி. பிய்ந்து உதிர்ந்தால் அங்கேயே நின்று தீட்டுங்கள்.

கோடாலி கதை வேறு. வாய் கடித்துப் பிடித்தால் போதும். விறகைப் பிளப்பது அதன் பின்னாலிருக்கும் ஆப்புத் தடிப்பு. நீங்கள் அதைத் தேய்த்து மெலிய வைத்துவிட்டீர்கள், கணுவில் பட்டதும் மடிந்தது.

அரிவாள்மனையை ரொம்ப வழவழப்பாக்க வேண்டாம். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் தக்காளித் தோலைக் கவ்வும்.

கருக்கரிவாளுக்குத்தான் வருத்தமாக இருக்கிறது. அதன் கூரே அந்தப் பல்தான். கதிரை அறுப்பது அதுதான். சாணையில் பல் தேய்ந்துபோச்சு. கொல்லரிடம் கொடுத்துப் புதிதாகக் கருக்கு வெட்டி வாங்குங்கள்.

இனி எதைத் தீட்டும் முன்னும் வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எங்கே வெள்ளையாக ஒரு கோடு மின்னுகிறதோ அங்கேதான் மழுங்கல். அந்த இடத்துக்கு மட்டும் கல். கோடாலிக்கு அரம் போதும்: மடிந்த வாயை நீக்கி, இரண்டு பக்கமும் சரிவைத் தடிப்பாக விட்டு ராவுங்கள்.