காலில் ஒட்டும் கம்பளம்

அன்புள்ள சார்,

மெல்போர்ன் பயணக் குறிப்புகளின் ஐந்தாம் பகுதியில், பிரன்ஸ்விக் பக்கம் ஒரு பப்பில் உள்ளூர் ராக் பேண்ட் வாசித்ததைக் கேட்டதாக ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள். மொத்தமே முப்பது பேர்தான் இருந்தார்கள், அதில் பாதி வாசித்தவர்களின் நண்பர்கள் என்றும் சொல்லியிருந்தீர்கள். "இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த மாலை இதுதான்" என்று அதை முடித்துவிட்டு, அடுத்த பகுதியில் பென்குயின் பார்க்கக் கிளம்பிவிட்டீர்கள்.

நான் பதினொரு வருடம் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன். கல்யாணம், கோவில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாம் பார்த்தாயிற்று. கொடையில் ஆயிரம் பேருக்குக் குறைந்து வாசித்த ஞாபகம் இல்லை. எனக்குச் சில சந்தேகங்கள். குடிக்கிற இடத்தில் போய் வாசிக்க ஒரு கலைஞனுக்கு எப்படி மனம் வருகிறது? நாற்பது வயதுக்கு மேலும் முப்பது பேருக்கு வாசித்துக்கொண்டிருப்பவர்கள் தோற்றுப்போனவர்கள்தானே, அதைச் சொல்ல ஏன் தயக்கம்? அந்த பேண்டின் பெயரை ஏன் எழுதவில்லை? கடைசியாக, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வயதில் அந்தச் சத்தத்தைக் காது எப்படித் தாங்கியது?

செல்வம்
தென்காசி

அன்புள்ள செல்வம்,

பென்குயினுக்காக அவசரப்பட்டது என் தவறுதான்.

பெயரிலிருந்து தொடங்குகிறேன், அது சுலபம். அந்த பேண்டின் பெயரில் இரண்டு சொற்கள். முதல் சொல்லை வீட்டில் சொன்னால் அடி விழும். இரண்டாவது ஒரு காய்கறி. எழுதாததற்கு வேறு காரணம் இல்லை.

குடிக்கிற இடம் என்றதும் டாஸ்மாக்கை ஒட்டிய பார்தான் உங்கள் கண்முன் வந்திருக்கும். தகரக் கூரை, பிளாஸ்டிக் டம்ளர், தெரிந்தவர் யாராவது வந்துவிடுவார்களோ என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஆட்கள். பப் அப்படி இல்லை. ஆஸ்திரேலியாவில் பல பப்களின் பலகையில் 'ஹோட்டல்' என்றுதான் போட்டிருக்கும். பழைய சட்டப்படி மது விற்க உரிமம் வேண்டுமென்றால் வழிப்போக்கர் தங்க அறையும் வைத்திருக்க வேண்டும், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். நம் ஊர் ஹோட்டலில் இட்லி கிடைக்கும், அவர்கள் ஹோட்டலில் பீர் கிடைக்கும். இரண்டிலும் படுக்கப் போகிறவர்கள் குறைவு. நான் போனது ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு. முன்கூடத்தில் ஒரு பாட்டி காலடியில் நாயைப் படுக்கவைத்துவிட்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் சிக்கன் பார்மாவுடன் போராடிக்கொண்டிருந்தது. தட்டுக்கு வெளியே தொங்கும் அளவுக்குப் பெரிய வறுத்த கோழி, மேலே தக்காளிச் சாறும் சீஸும். அது ஒரு தனிக் கட்டுரைக்கு ஆகும்.

ஆனால் உங்கள் சந்தேகம் முழுக்க ஆதாரமில்லாதது என்றும் சொல்லமாட்டேன். ஒரு காலத்தில் அங்கேயும் குடி அசிங்கமாகத்தான் இருந்தது. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1916-ல் தெற்கு ஆஸ்திரேலியா, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா எல்லாம் பப்பை மாலை ஆறு மணிக்கே மூடவேண்டும் என்று கொண்டுவந்தன. குடியைக் குறைக்கத்தான். நடந்தது வேறு. ஐந்து மணிக்கு வேலை விட்டதும் ஓடிவந்து, ஒரு மணி நேரத்துக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் தொண்டைக்குள் கவிழ்த்துக்கொள்வது வழக்கமாயிற்று. நாற்காலி போட்டால் இடம் போகும் என்று நின்றபடியே குடித்தார்கள். பப் சுவர்களில் ஓடு பதித்தார்கள், மூடிய பிறகு தண்ணீர் அடித்துக் கழுவ அதுதான் வசதி. அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர்கள் வைத்த பெயரே பன்றித் தொட்டிக் கழுநீர் என்று பொருள்படும்.

நியூ சவுத் வேல்ஸில் 1955-லும், விக்டோரியாவில் 1966-லும், தெற்கு ஆஸ்திரேலியாவில் 1967-லும் இந்தச் சட்டம் போயிற்று. பத்து மணி வரை திறந்திருக்கலாம். சரி, கையில் கூடுதலாக நான்கு மணி நேரம். அந்த வருடங்களில்தான் வீட்டில் தொலைக்காட்சி வேறு வந்துவிட்டது. ஆளை எப்படி உட்காரவைப்பது? அதற்குக் கிடைத்த விடைகளில் ஒன்றுதான் கூடத்தின் மூலையில் நான்கு பையன்களை நிறுத்தி கிட்டார் வாசிக்கச் சொன்னது. ஆகவே செல்வம், ராக் இசையைப் பப்புக்குள் கூட்டிவந்தது கலை ஆர்வம் இல்லை, பீர் வியாபாரம். அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த வியாபாரம் இசைக்கு ஒரு குணத்தைக் கொடுத்தது. எதிரில் நிற்பவன் பாட்டுக் கேட்க வந்தவன் இல்லை. அவன் பீர் வாங்கப் போகிற வழியில் இருக்கிறான். முதல் பாட்டின் முதல் பத்து நொடியில் அவன் கழுத்தைத் திருப்பவேண்டும். ஆலாபனைக்கெல்லாம் அங்கே நேரமில்லை. அந்தத் தலைமுறை ஆஸ்திரேலிய பேண்டுகளின் முரட்டு வேகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பாதி அந்த பீர் கவுண்டரிலிருந்து என்பேன்.

ஏசி/டிசி என்ற பேண்ட் 1973-ல் சிட்னியில் தொடங்கியது, கிளாஸ்கோவிலிருந்து குடியேறிய குடும்பத்தின் பையன்கள். கோல்ட் சிசல் என்ற பேண்ட் அடிலெய்டுக்காரர்கள். மிட்நைட் ஆயில் என்ற பேண்ட் சிட்னிக்கு வடக்கே நாரபீன் கடற்கரையில் ராயல் ஆன்ட்லர் என்ற பப்பில் வாசித்து வாசித்துப் பழகியவர்கள். அவர்களின் மொட்டைத்தலைப் பாடகர் பீட்டர் காரெட் 2007-ல் மத்திய அமைச்சராகவே ஆனார். இவர்கள் கதை உங்களுக்கு இணையத்தில் எங்கும் கிடைக்கும். நான் போனது அவர்களைப் போன்ற யாரையும் தேடி இல்லை.

பப்பின் பின்பக்கம் ஒரு கதவு. அதைத் தள்ளினால் பேண்ட் அறை. கறுப்புச் சுவர், ஒரு அடி உயர மேடை, தரையில் என்ன நிறம் என்று சொல்லமுடியாத ஒரு கம்பளம். பல வருடம் சிந்திய பீர் ஊறி ஊறி, காலைத் தூக்கினால் செருப்பு 'சப்' என்று பிரிந்துவருகிறது. நான் முகம் சுளித்தேன். கூட்டிப்போன தங்கை மகன், 'ஒட்டவில்லை என்றால்தான் கவலைப்படணும் மாமா' என்றான். மெல்போர்னில் நல்ல இசைக்கூடம் என்பதற்கு அது அடையாளமாம். எனக்குக் கோவில் பிரகாரத்து எண்ணெய்ப் பிசுக்கு நினைவுக்கு வந்தது, அதோடு விட்டுவிடுகிறேன்.

அன்று மூன்று குழுக்கள். மூன்றுக்கும் ஒரே டிரம்ஸ், ஒரே ஆம்ப்ளிஃபையர்கள். டிரம்மர்கள் ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மும் தட்டுகளும் மிதியும் மட்டும் சொந்தமாகக் கொண்டுவந்து, இறங்கும்போது கழற்றிக்கொண்டு போகிறார்கள். நமது பேண்ட் இரண்டாவது. டிரம்மர் பிளம்பர் வேலை பார்ப்பவர், அவர் வேனில் குழாய்களுக்கு நடுவேதான் ஸ்னேர் படுத்திருந்தது. பேஸ் வாசித்தவர் பள்ளி ஆசிரியை. மேடை ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு வரை ஓரத்து மேஜையில் சிவப்புப் பேனாவோடு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

நீங்கள் பேஸ்காரர் என்பதால் ஒரு இடத்தை மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும். மூன்றாவது பாட்டின் நடுவில் பாடகரின் கிட்டாரில் ஒரு கம்பி அறுந்தது. சுருதி அப்படியே சரிந்தது. அவர் வாயால் ஏதோ சொல்லிவிட்டு (பேண்டின் பெயரில் முதல் சொல்தான்) மேடையை விட்டு இறங்கினார். அடுத்த குழுவிடம் கிட்டார் இரவல் வாங்க வேண்டும். இன்னொரு கிட்டார்காரரும் கையை எடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது பேஸும் டிரம்ஸும் மட்டும். ஆசிரியை டிரம்மரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். இரண்டே இரண்டு ஸ்வரத்தை வைத்துக்கொண்டு நான்கு நிமிடம் நடந்தார்கள். கூட்டவில்லை, குறைக்கவில்லை, வித்தை எதுவும் காட்டவில்லை. ஒரு கட்டத்தில் டிரம்மர் ஓங்கிய கையை இறக்காமல் ஒரு அடியை விட்டார், அந்தக் காலியிடத்தில் பேஸ் வந்து உட்கார்ந்தது. முப்பது பேரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டியதை நான் பார்த்தேன். பேஸ் ஒலி எனக்குக் காதில் கேட்கவில்லை, செருப்பு வழியாக முழங்காலுக்கு வந்தது. பாடகர் இரவல் கிட்டாரோடு திரும்பி வந்தபோது, அவர் இன்னும் கொஞ்சம் தாமதித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கொடையில் கம்பி அறுந்தால் உங்கள் குழுவில் என்ன செய்வீர்கள்? தெரிந்துகொள்ள ஆசை, எழுதுங்கள்.

இப்போது தோற்றவர்களா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆயிரம் பேருக்கு வாசித்தேன் என்கிறீர்கள், நம்புகிறேன். அந்த ஆயிரம் பேர் எந்தப் பாட்டைக் கேட்க வந்தார்கள்? ஏற்கெனவே பேருந்திலும் டீக்கடையிலும் கேட்டு மனப்பாடமான சினிமாப் பாட்டை. அதைக் குறைத்துச் சொல்லவில்லை, அந்தப் பாட்டைப் பிசகாமல் மேடையில் நிறுத்துவது பெரிய வேலை. இவர்கள் அன்று வாசித்த ஒன்பதும் சொந்தப் பாட்டு. அதில் ஒன்று அந்தத் தெருமுனையில் இருந்த சலவைக் கடையை மூடியதைப் பற்றியது. முன்வரிசையில் ஒருவர் அதற்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினார். அந்தத் தெருவைத் தாண்டி அந்தப் பாட்டு எங்கே போகும்? போகவேண்டும் என்று அவர்களுக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. நடந்தே வீடு போகக்கூடிய தூரத்தில் இருப்பவர்களுக்காக எழுதிய பாட்டு அது.

ரொம்பவும் உருகிவிட்டேனோ? ஒன்பதில் இரண்டு மோசம். பாடகர் மேல் ஸ்தாயியில் அநேகமாக ஒவ்வொரு முறையும் சறுக்கினார். வாசலில் வசூல் தலைக்குப் பத்து டாலர். அதில் முதலில் சவுண்ட் ஆளுக்குக் கொடுத்தது போக, இவர்கள் நால்வருக்கும் சேர்த்து அறுபது டாலர் வந்தது. ஆளுக்கு இரண்டு பீர் இலவசம். வாசித்து முடித்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்த ஆசிரியையிடம், நம் ஊர் வழக்கப்படி, "அடுத்து என்ன?" என்று கேட்டுவைத்தேன். சினிமாவா, வெளிநாடா என்கிற தொனியில். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு" என்றார்.

எண்ணிக்கையைப் பற்றி இன்னொன்று. மெல்போர்னில் காலிங்வுட் பகுதியில், ஜான்ஸ்டன் தெருவில் டோட் என்று ஒரு பப் இருக்கிறது. டோட் என்றால் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டும் இடம். நூறு வருடத்துக்கு முன் ஜான் ரென் என்பவர் அதே தெருவில் ஒரு டீக்கடைக்குப் பின்னால் திருட்டுத்தனமாகக் குதிரைப் பந்தயச் சூதாட்டம் நடத்தினார், அந்த ஞாபகத்தில் வைத்த பெயர். 1980-களின் தொடக்கத்திலிருந்து அங்கே பேண்டுகள் வாசிக்கின்றன. 2010 ஜனவரியில் அது மூடப்பட்டது. நேரடி இசை இருந்தால் 'அதிக ஆபத்துள்ள இடம்' என்று மது உரிம விதிகள் கணக்குப் போட்டன. காவலாளிகளை நிறுத்து, கேமரா மாட்டு என்றார்கள். கிட்டார் வந்தால் பின்னாலேயே கலவரமும் வரும் என்று யாரோ கோப்பில் எழுதியிருக்க வேண்டும். பெரிய விடுதிக்கு அது காசே இல்லை. ஒட்டும் கம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. மூடும் செய்தி கேட்டு ஜனங்கள் தெருவையே அடைத்தார்கள். பிப்ரவரி 23 அன்று மெல்போர்ன் பாராளுமன்றக் கட்டடத்தின் முன் பத்தாயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். 1976-ல் அதே தேதியில்தான் ஏசி/டிசி ஒரு லாரியின் மேல் ஏறி ஸ்வான்ஸ்டன் தெருவில் வாசித்துக்கொண்டே போனது, அதனால் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். அரசு இறங்கிவந்தது. டோட் அந்த வருடமே திரும்பத் திறந்தது.

அந்தப் பத்தாயிரம் பேர் ஏதோ ஒரு பெரிய நட்சத்திரத்தின் ரசிகர்கள் இல்லை, செல்வம். ஒரு பப்புக்கு முப்பது, இன்னொன்றுக்கு நாற்பது என்று வருடக்கணக்கில் ஞாயிறும் வெள்ளியும் சேர்ந்தவர்கள். 2014-ல் விக்டோரியாவில் ஒரு விதியும் வந்தது. பப்புக்குப் பக்கத்தில் புதிதாக அடுக்குமாடி கட்டுகிறவர்தான் சத்தம் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கோவிலை ஒட்டி மனை வாங்கிவிட்டு மார்கழி மாத ஒலிபெருக்கிக்குப் புகார் எழுதும் நம் ஆட்களுக்கு இது பிடிக்காது. 2023-ல் டோட் விற்பனைக்கு வந்தபோது, அது இசைக்கூடமாகவே இருக்கவேண்டும் என்று பொதுமக்களிடமிருந்து முப்பது லட்சம் டாலர் வசூலானது. எல்லா இடத்திலும் இப்படி முடியவில்லை. நியூ சவுத் வேல்ஸில் 1997-ல் பப்களுக்குள் சூதாட்ட இயந்திரங்களை அனுமதித்ததும் எத்தனையோ மேடைகளை எடுத்துவிட்டு அவற்றை வரிசையாக வைத்துவிட்டார்கள். இயந்திரத்துக்குக் கம்பி அறுவதில்லை, இரண்டு பீரும் கேட்பதில்லை.

காது விஷயம். கோபமில்லை, அக்கறைதானே. அங்கே கவுண்டரிலேயே பஞ்சு மாதிரி மஞ்சள் நிறக் காதடைப்பான் வைத்திருக்கிறார்கள். தங்கை மகன் ஒரு ஜோடி வாங்கித் தந்தான், போட்டுக்கொண்டுதான் உள்ளே போனேன். கம்பி அறுந்த அந்த நான்கு நிமிடத்தில் வலது காதிலிருந்ததை எடுத்தபோது அது கை நழுவிக் கீழே விழுந்தது. அந்தக் கம்பளத்தில் விழுந்ததை எடுத்துத் திரும்பக் காதில் வைக்கும் தைரியம் வரவில்லை. மீதி நேரம் இடது காதோடு ஒப்பேற்றினேன். இரண்டு நாள் வலது பக்கம் 'ஞொய்' என்றிருந்தது. பென்குயின்கள் கத்தியதாக ஆறாம் பகுதியில் எழுதியிருந்தேனே, அதில் எத்தனை பென்குயின், எத்தனை பேஸ் கிட்டார் என்று இப்போதும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அன்புடன்