ராணுவத்தில் அடிபட்டுத் திரும்பிய கணவர் ஆளே மாறிவிட்டார். கால் காயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

கேட்டிருப்பவர் பாலக்கோடு பக்கம் என்று எழுதியிருக்கிறார். கணவர் ராணுவத்தில் ‘நாயக்’ பதவியில் இருந்து, முழங்காலில் அடிபட்டு, ஓய்வு பெற்று வந்துவிட்டார். காயம் ஆறிவிட்டது என்று டாக்டர்களும் சொல்லிவிட்டார்கள். ஆனால் ராத்திரி தூக்கம் இல்லை, எடுத்ததற்கெல்லாம் கோபம், பிள்ளைகளோடு பேச்சில்லை, சாயங்காலமானால் பாட்டில். இது காயத்தால் வந்ததா, குணமே இப்படித்தானா என்பது அவருடைய கேள்வி.

சம்பந்தம் உண்டு. நிறையவே உண்டு. நான் டாக்டர் இல்லை. ராயக்கோட்டைப் பக்கம் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, இடுப்பில் ராடு வைத்துக்கொண்டு ராணுவத்திலிருந்து வந்தவர். அவரோடு ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் அலைந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உயிர் போகிற நிலைமையிலிருந்து தப்பி வந்த ஒருவரின் உடம்பு, ஆபத்து முடிந்த பிறகும் அதை நம்பாது. சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது, அதே கனவு திரும்பத் திரும்ப வருவது, அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவது, பெற்ற பிள்ளை மேல் கூட ஒட்டுதல் விட்டுப்போவது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய், என்கிறார்கள். எல்லோருக்கும் உடனே வராது. சிலருக்கு ஆறு மாதம் கழித்தும், இன்னும் சிலருக்கு யூனிஃபார்மைக் கழற்றி ஊருக்கு வந்த பிறகும்தான் தலைகாட்டும்.

இதோடு தீராத வலியும் இருந்தால்தான் வம்பு. வலிக்கும்போதெல்லாம் அடிபட்ட அந்த நாள் ஞாபகத்துக்கு வரும். ஞாபகம் வந்தால் உடம்பு விறைக்கும், விறைத்தால் வலி கூடும், வலியில் தூக்கம் போகும். தூங்காதவருக்கு மறுநாள் வலியும் அதிகம், கோபமும் அதிகம். நடக்கவே பிடிக்காமல் உட்கார்ந்தால் தசை இளைத்து, மூட்டு இறுகி, பழைய இடத்துக்கே வந்து நிற்கும். அதனால் காலை ஒரு டாக்டரும் மனதை இன்னொரு டாக்டரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தால் வேலைக்காகாது. இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: அன்றைக்குத் தலையில் அடி விழுந்ததா, பக்கத்தில் ஏதாவது வெடித்ததா? லேசான தலைக்காயம் கூடத் தலைவலி, மறதி, எரிச்சல் என்று பிடிஎஸ்டி மாதிரியே வேஷம் கட்டும். டாக்டரிடம் அதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டுக்காரர் சொல்ல மாட்டார்.

நம் பக்கத்தில் இதற்கென்றே இரண்டு உபத்திரவம் இருக்கிறது. பகலில் கல்குவாரி வெடி. ராகி முற்றும் பருவத்தில் ராத்திரி யானை விரட்டும் பட்டாசு. மாமா மதியம் களியும் கீரையும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். தூரத்தில் குவாரி வெடித்ததும் உருட்டிய களி கையிலேயே நின்றுவிடும். கண் வாசல் பக்கம் போகும், அடுத்த வெடிக்குக் காது காத்திருக்கும். பிறகு எழுந்து போய்ப் பின்கதவைச் சாத்திவிட்டு வந்து, கீரையில் உப்பு இல்லை என்று அக்காவைச் சத்தம் போடுவார். உப்பெல்லாம் சரியாகத்தான் இருக்கும். சத்தம் கேட்டு நடுங்கிவிட்டேன் என்று மிலிட்டரிக்காரர் வாயால் சொல்வாரா? குவாரியில் எந்த நேரத்துக்கு வெடி வைக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை அவரிடமும் சொல்லி வைத்தோம். எதிர்பார்த்த சத்தம் அவ்வளவாக ஆளை உலுக்குவதில்லை. யானைப் பட்டாசுக்கு அந்த வசதி இல்லை. அந்த மாதங்களில் வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை.

மாமாவுக்கு அடிபட்டது சண்டையில் இல்லை. மலைப்பாதையில் வண்டி உருண்டது. கூட வந்த இரண்டு பேர் போய்விட்டார்கள். ராணுவக் கணக்கில் எதிரியால் வந்தால் ‘பேட்டில் கேஷுவல்டி’, இப்படி வந்தால் ‘ஃபிசிக்கல் கேஷுவல்டி’. பென்ஷனும் வேறு, ஊரில் மரியாதையும் வேறு. ஒவ்வொரு கல்யாணத்திலும் யாராவது ஒருவர் “எந்தச் சண்டையில அடிபட்டுச்சு?” என்று ஆசையாகக் கேட்பார். வண்டி கவிழ்ந்தது என்றதும் “ஓ, ஆக்சிடென்ட்டா” என்று முகம் மாறும். கல்யாணங்களுக்குப் போவதையே அவர் விட்டதற்கு இடுப்பு வலி காரணம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். உங்கள் வீட்டுக்காரருக்கு எப்படி அடிபட்டது என்று நீங்கள் எழுதவில்லை. அதைத் தெரிந்தவர்கள் ஊரில் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள்.

சரி, பணியில் இருக்கும்போதே ஏன் சொல்லவில்லை? சொன்னால் கேட்டகரி, அதாவது மருத்துவத் தரம், இறங்கிவிடும். அந்தத் தரம் ‘ஷேப்’ (SHAPE) என்ற ஐந்து ஆங்கில எழுத்தில் போகிறது. அதில் முதல் எழுத்தே மனநிலைக்கு. மற்றவை காது, கை கால், பொதுவான உடல் திறன், கண். காலில் கேட்டகரி இறங்கினால் அனுதாபம் கிடைக்கும். முதல் எழுத்தில் இறங்கினால் ஆயுதம் கையில் கொடுக்கத் தயங்குவார்கள், பிரமோஷன் தள்ளும், பேரக்ஸில் பேச்சு வேறு மாதிரி இருக்கும். பதினைந்து, பதினேழு வருஷம் இப்படி மறைத்தே பழகியவரிடம் “மனநல டாக்டரைப் பார்க்கலாமா” என்றால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

எங்களுக்கு வழி கொடுத்தது வலியும் தூக்கமும்தான். ‘மனசு’ என்ற பேச்சையே அக்கா எடுக்கவில்லை. “இடுப்பு வலிக்கும் தூக்கத்துக்கும் டாக்டரைப் பார்க்கலாம்” என்றார். அதற்கு வந்தார். நரம்பு வலிக்குக் கொடுக்கும் மருந்துகளில் டுலாக்ஸெடின் போன்ற சில மனச்சோர்வுக்கும் கேட்பவை. டாக்டர் அங்கிருந்து பேச்சை எடுத்து, கனவு வருகிறதா என்பது வரை போனார். மருந்தோடு, நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசவைக்கும் சிகிச்சையும் உண்டு. பிடிஎஸ்டிக்கு அதுதான் முக்கியமானது என்கிறார்கள். பிசியோதெரபியையும் விடக்கூடாது. மாமா இன்னும் கல்யாணங்களுக்குப் போவதில்லை, ஆனால் ராத்திரி தூங்குகிறார்.

போக இடம் இருக்கிறது. இசிஎச்எஸ் (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) கார்டு இருந்தால் அதன் பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கலாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. ஓசூர் தாண்டினால் பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை. போன் போதும் என்றால் அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் 14416. 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, தமிழிலும் பேசுவார்கள், காசில்லை. அவர் பேச மறுத்தால் நீங்கள் கூப்பிட்டு யோசனை கேட்கலாம்.

குடியைப் பற்றி. ராணுவக் கேன்டீன் கார்டில் மாதாமாதம் மதுக் கோட்டா வருகிறது, ஊரில் நாலு பேர் பங்குக்கு நிற்கிறார்கள். அடிபட்டு வந்தவருக்குச் சலுகை விலையில் ரம் கிடைப்பது நல்லதுக்கில்லை என்பது என் அபிப்பிராயம். முன்னாள் ராணுவத்தினர் சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை. ரம் குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும், ஆனால் நடு ராத்திரியில் கலைந்துவிடும். டிரமடால் போன்ற வலி மாத்திரையோடு குடித்தால் மூச்சே மட்டுப்படலாம். அதற்காக, தினமும் குடிப்பவரின் பாட்டிலை ஒரே நாளில் ஒளித்து வைத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று நாளில் கைநடுக்கமும் வலிப்பும் வரலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டே நிறுத்துங்கள்.

பென்ஷன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், பணத் தவிப்பும் தூக்கத்தைக் கெடுக்கும். பணியிலிருந்து வெளியே வரும்போது உடம்பைச் சோதித்த ரிலீஸ் மெடிக்கல் போர்டின் தாள்களை எடுத்துப் பாருங்கள். ஊனம் எத்தனை சதவீதம் (பொதுவாக 20க்குக் கீழ் என்றால் ஊனப் பென்ஷன் கிடைக்காது), பணியால் வந்தது என்று எழுதியிருக்கிறதா, இல்லையா. இல்லை என்று எழுதியிருந்தாலும் அதோடு முடியவில்லை. தரம்வீர் சிங் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், படையில் சேரும்போது குறிப்பில் இல்லாத நோய் பின்னால் வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ளவேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்றது. மனநோய்க்கும் அதை வைத்து வாதாடலாம். 2023 செப்டம்பர் 21 முதல் விதிகள் மாறியிருப்பதால் அவர் ஓய்வு பெற்ற தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்முறையீடு, அப்புறம் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். மனு எழுத மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவுவார்கள். இன்னும் பணியில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால், வெளியே வருமுன் தூக்கப் பிரச்சினையையாவது மருத்துவத் தாளில் ஏற்றிவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒன்று, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ஓய்வுக்குப் பின் வங்கியிலோ கம்பெனியிலோ காவல் வேலைக்கென்று லைசென்ஸ் துப்பாக்கி வாங்கி வைத்திருப்பவர்கள் நம் மாவட்டங்களிலும் உண்டு. உங்கள் வீட்டில் இருந்தால், “நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி” என்கிற மாதிரிப் பேச்சு அவர் வாயில் ஒரு தடவை வந்தாலும், அதை வெறும் கோபம் என்று விடாதீர்கள். அன்றைக்கே அவர் மதிக்கும் பழைய சுபேதார் யாரையாவது வீட்டுக்கு அழைத்து வந்து, அந்தச் சுபேதாரையே பேசவைத்து, துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுங்கள். உடம்பு தேறிய பிறகு அந்த ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.