கூடவும் இருக்கணும், தனியாகவும் இருக்கணும்: உங்கள் கேள்விகளுக்குக் குடும்ப ஆலோசகரின் பதில்கள்

கேள்வி: வயது 27, வேலைக்காகச் சென்னையில் தனியாக இருக்கிறேன். அம்மா ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போன் செய்கிறார். எடுக்காவிட்டால் அழுகை, எடுத்தால் எனக்கு எரிச்சல்.

பதில்: நேரத்தை நீங்களே சொல்லிவிடுங்கள்: "ராத்திரி எட்டரைக்கு நானே கூப்பிடுறேன்மா." அப்புறம் அந்த எட்டரையைத் தவறவிடாதீர்கள். முதல் வாரம் பகலிலும் போன் வரத்தான் செய்யும். "வேலையில இருக்கேன்மா, ராத்திரி பேசுறேன்" என்று ஒரு வரி அனுப்புங்கள், போதும். 1950களில் உகாண்டாவில் தாய்-சேய்களைக் கவனித்த உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் ஒன்றைப் பார்த்தார். அம்மா இருக்கிறாள் என்ற தெம்பு உள்ள குழந்தை தயங்காமல் தள்ளிப் போய் விளையாடுகிறது. உங்கள் வீட்டில் இப்போது அந்தத் தெம்பு தேவைப்படுவது அம்மாவுக்கு.

கேள்வி: கணவர் ஞாயிறு காலை முழுக்க நண்பர்களோடு கிரிக்கெட். என்னைவிட அது முக்கியமா?

பதில்: விளையாடட்டும். உங்களுக்கும் அதே அளவு நேரம் கிடைக்கிறதா? அவர் மைதானத்தில் இருக்கும்போது நீங்கள் வாரத்துக்கான இட்லி மாவு அரைத்துக்கொண்டிருந்தால், பேச வேண்டியது அதைத்தான்.

கேள்வி: சம்பளம் முழுவதையும் மாமியாரிடம் கொடுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: வீட்டுச் செலவுக்கு ஒரு தொகையை மாதாமாதம் தவறாமல் கொடுங்கள். மீதி உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும். இதைக் கணவர்தான் தன் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஓய்வு பெற்றுவிட்டேன். மகன் தன்னோடு வரச் சொல்கிறான், வீட்டையும் எழுதிக் கேட்கிறான். மறுத்தால் உறவு கெடுமோ?

பதில்: ஐயா, மகனோடு போய் இருப்பது வேறு, எழுதிக் கொடுப்பது வேறு. முதலில் ஒரு மாதம் தங்கிப் பாருங்கள். வீட்டுக்கு உயில் போதும். உங்கள் காலம்வரை வீடு உங்களுடையது, மனம் மாறினால் உயிலை மாற்றியும் எழுதலாம். வீட்டை இப்போதே மகன் பேருக்கு மாற்றும் தான செட்டில்மென்ட் பத்திரத்தைப் பதிந்துவிட்டால், அப்படி மாற்றுவது சுலபமில்லை. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு அப்போதுதான் உறுதியாகக் கைகொடுக்கும். மகன் கைவிட்டால், பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டுக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மகனிடம் நேராகச் சொல்லுங்கள்: "வீடு உனக்குத்தான்டா. நான் இருக்கிற வரைக்கும் என் பேர்ல இருக்கட்டும்." இதை மருமகளும் இருக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.